ஆள் கணக்கு எழுதும் அலுவலகம்: வணிகர்கள் அறிய வேண்டிய பாடம்



முன்பெல்லாம் கடைக்கு ஆள் வேண்டுமானால் ஊரில் நாலு பேரிடம் சொல்லி வைப்போம். தெரிந்தவர் ஒருவர் பையனை அழைத்து வந்து விட்டுவிட்டுப் போவார். இன்று மண்டிகளுக்கும் கிட்டங்கிகளுக்கும் பெரிய மளிகைக் கடைகளுக்கும் ஆட்களை அனுப்பி வைப்பவை மனிதவள நிறுவனங்கள் என்னும் கம்பெனிகள். மாதம் பிறந்தால் அவர்களிடமிருந்து பில் வருகிறது. நாமும் தொகையைப் பார்த்துக் காசோலை எழுதிவிடுகிறோம். அந்தப் பில்லுக்குப் பின்னால் அமர்ந்து கணக்கு எழுதுகிறவர் யார், அவர் வேலை என்ன, அதில் நம் பொறுப்பு எவ்வளவு என்று நம்மில் பலர் கேட்டதில்லை. நாங்களும் கேட்காமலே இருந்தோம். அதனால் கற்ற பாடத்தைச் சக வணிகர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்த அலுவலகத்தில் நடப்பது என்ன?

எங்கள் தம்பி மகள் சென்னையில் இத்தகைய ஒரு நிறுவனத்தில் நிர்வாகப் பிரிவில் வேலை பார்க்கிறாள். ஆள் தேடிப் பிடிப்பது வேறு பிரிவு. பிடித்த ஆளைக் கணக்கில் ஏற்றி, அவர் வேலையை விட்டுப் போகும் நாள் வரை அந்தக் கணக்கைப் பிசகாமல் வைத்திருப்பது இவள் பிரிவு. பல கடைகளிலும் ஆலைகளிலும் வேலை செய்யும் 340 பேர் அவள் ஒருத்தியின் பொறுப்பில் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோரை அவள் நேரில் பார்த்தது கிடையாது.

புதிய ஆள் சேர்ந்தால் ஆதார், வங்கிக் கணக்கு, பிறந்த தேதி, குடும்ப விவரம் ஆகியவற்றை வாங்கிச் சரிபார்க்க வேண்டும். வருங்கால வைப்பு நிதிக்கு 12 இலக்க எண்ணும், இ.எஸ்.ஐ.க்குக் காப்பீட்டு எண்ணும் ஏற்பாடு செய்ய வேண்டும். நியமனக் கடிதமும் அடையாள அட்டையும் தர வேண்டும். மூட்டை வந்து இறங்கினால் எடை போட்டு, சிட்டையோடு ஒப்பிட்டு, இருப்பில் ஏற்றுகிறோம் அல்லவா? அதே வேலைதான். ஆனால் மூட்டைக்குப் பிறந்த தேதியும் வாரிசும் கிடையாது. ஆளுக்கு உண்டு.

அதன்பின் மாதாந்தரச் சக்கரம் சுழல ஆரம்பிக்கிறது. 25ஆம் தேதி வாக்கில் ஒவ்வொரு கடையிலிருந்தும் வருகைப் பட்டியல் வர வேண்டும். அதை வைத்துச் சம்பளப் பட்டியல் தயாராகும். அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் சம்பளம் ஏற வேண்டும். 15ஆம் தேதிக்குள் வைப்பு நிதியும் இ.எஸ்.ஐ.யும் கட்டியாக வேண்டும். வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாளில் கணக்கு முடிக்க வேண்டும். இவற்றுக்கு இடையே, "எனக்கு இரண்டு நாள் சம்பளம் குறைகிறது" என்று வரும் தொலைபேசிகளுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

இதில் அவளுக்குப் பெரிய தலைவலி யார் என்று கேட்டோம். சிரித்துக்கொண்டே, "உங்களைப் போன்ற முதலாளிகள்தான் பெரியப்பா" என்றாள். வருகைப் பட்டியலை 25ஆம் தேதி தர வேண்டியவர்கள் 30ஆம் தேதி தருகிறார்களாம். அதுவும் துண்டுச் சீட்டில், பாதிப் பெயரோடு. அவசரத்தில் நாள் குறைந்து ஏறினால் அடி ஆளின் மேல் விழுகிறது. இ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவித்தொகை பெற, ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்காவது பங்களிப்பு இருக்க வேண்டும். இருந்தால் உடல்நலமின்றிப் படுக்கும்போது கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். 78 என்பது 77 ஆனால் ஒன்றும் கிடைக்காது. அந்த ஒரு நாள் நம் கல்லாவில் எழுதாமல் விட்ட நாளாகவும் இருக்கலாம்.

பில்லைப் பிரித்துப் பார்ப்போம்

கணக்குக்கு எளிதாக மாதச் சம்பளம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

ஆளிடம் பிடிப்பது: வைப்பு நிதி 12 சதவீதம் 1,800 ரூபாய், இ.எஸ்.ஐ. முக்கால் சதவீதம் 113 ரூபாய். அவர் கைக்கு வருவது 13,087 ரூபாய்.

முதலாளி பங்கு: வைப்பு நிதி 1,800 ரூபாய். இதில் 8.33 சதவீதமாகிய 1,250 ரூபாய் ஓய்வூதியத்துக்கும், மீதி 550 ரூபாய் வைப்பு நிதிக்கும் போகிறது. இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம் 488 ரூபாய். வைப்பு நிதியோடு சேர்ந்த காப்பீட்டுக்கு அரை சதவீதமும், நிர்வாகச் செலவுக்கு அரை சதவீதமுமாக 150 ரூபாய். ஆக மொத்தம் 17,438 ரூபாய்.

இதன்மேல் கம்பெனியின் சேவைக் கட்டணம் 762 ரூபாய் என்று கொண்டால் 18,200 ரூபாய். அதற்குச் சரக்கு மற்றும் சேவை வரி 18 சதவீதம் 3,276 ரூபாய். பில் தொகை 21,476 ரூபாய். காம்பொசிஷன் முறையில் இருக்கும் கடைக்காரருக்கு இந்த வரி திரும்ப வராது என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

நாம் கொடுப்பதற்கும் ஆள் கையில் வாங்குவதற்கும் வித்தியாசம் 8,389 ரூபாய். இதைப் பார்த்து, "கம்பெனி பாதியைத் தின்கிறது" என்று சொல்லுகிறவர்கள் உண்டு. அது சரியல்ல. இதில் கம்பெனியின் கட்டணம் 762 ரூபாய்தான். வைப்பு நிதியும் இ.எஸ்.ஐ.யும் சேர்ந்த 4,201 ரூபாய் அந்த ஆளின் பேரில் போய்ச் சேர வேண்டிய பணம். போய்ச் சேர்ந்ததா என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

எங்கள் மண்டியில் நடந்தது

2022ஆம் ஆண்டு எங்கள் கிட்டங்கியில் மூட்டை தூக்கிய ஒருவர் மாரடைப்பால் இறந்து போனார். ஒரு கம்பெனி மூலமாக ஐந்து ஆண்டுகள் எங்களிடம் வேலை செய்தவர். காரியம் முடிந்து அவர் மனைவி வந்தார். "அண்ணாச்சி, அவுக பேருல பணம் ஏதோ இருக்குன்னு சொல்லுதாக. எங்க போய்க் கேக்கணும்?" என்றார். கம்பெனியின் விலாசத்தை எழுதிக் கொடுத்து, பேருந்துக்கும் பணம் கொடுத்து அனுப்பினோம். ஒரு வாரத்தில் கிடைத்துவிடும் என்று நினைத்தோம்.

பதினொரு மாதம் ஆயிற்று. வைப்பு நிதிக் கணக்கில் அவர் பெயரின் கடைசி எழுத்துகள் ஆதாரில் உள்ளபடி இல்லை. பிறந்த ஆண்டு 1974 என்பது 1979 என்று ஏறியிருந்தது. வாரிசு நியமனம் காலியாகக் கிடந்தது. ஆள் உயிரோடு இருந்தால் முதலாளியும் தொழிலாளியும் கூட்டாகக் கையெழுத்திட்டுப் பிழையைத் திருத்தலாம். இறந்த பின் வாரிசுச் சான்று, இறப்புச் சான்று என்று ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு அந்தப் பெண் அலைய வேண்டியதாயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, நான்கு மாதங்களுக்கு அவர் கணக்கில் பணமே ஏறவில்லை.

இது எங்களுக்கு அதிர்ச்சியாக இருந்தது. அந்த நான்கு மாதத்துக்கும் சலான் நகல் எங்கள் கோப்பில் இருந்தது. ஆனால் சலானில் இருப்பது மொத்தத் தொகை மட்டுமே. கம்பெனியின் எல்லா ஆட்களுக்குமாகக் கட்டிய தொகை அது. யார் யார் பேரில் எவ்வளவு என்பது அதோடு சேர்ந்த ஆள்வாரிப் பட்டியலில்தான் தெரியும். அந்தப் பட்டியலை நாங்கள் ஒரு மாதம்கூடக் கேட்டு வாங்கியதில்லை.

தம்பி மகளிடம் யோசனை கேட்டபோது அவள் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. "பெரியப்பா, மூட்டைக்கு ஒரு கிலோ குறைஞ்சா லாரியையே நிறுத்தி வைப்பீங்க. இந்தப் பட்டியலை ஒரு தடவையாவது கேட்டீங்களா?" பதில் சொல்ல எங்களிடம் வார்த்தை இல்லை.

அவள் எழுதிக் கொடுத்தபடி கம்பெனிக்குக் கடிதம் போட்டோம். விடுபட்ட தொகையை அபராதத்தோடு கட்டினார்கள். வைப்பு நிதி, காப்பீட்டுத் தொகை, விதவை ஓய்வூதியம் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இடையில் அவர்களுடைய பெண்ணின் கல்லூரிக் கட்டணத்துக்கு எங்கள் கல்லாவிலிருந்து 20,000 ரூபாய் கொடுத்தோம். ஊரார் அதை உதவி என்றார்கள். எங்கள் கவனக்குறைவுக்குக் கட்டிய அபராதமாகவே நாங்கள் அதைப் பற்று எழுதினோம்.

நாம் செய்ய வேண்டியவை

1. வருகைப் பட்டியலை முழுப் பெயரோடும் எண்ணோடும் எழுதி, குறித்த தேதியில் அனுப்புங்கள். நகல் ஒன்றை ஆளிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள்.

2. பில்லோடு சலான் மட்டும் வந்தால் ஏற்காதீர்கள். வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. இரண்டுக்கும் ஆள்வாரிப் பட்டியல் கேளுங்கள். நம் ஆட்களின் பெயர்களை அதில் கோடிட்டுப் பாருங்கள். ஐந்து ஆளுக்கு ஐந்து நிமிட வேலை.

3. ஆள் சேர்ந்த முதல் மாதத்திலேயே ஆதாரில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் கணக்கில் அப்படியே ஏறியிருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். வாரிசு நியமனம் செய்தாயிற்றா என்று கேளுங்கள்.

4. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆட்களின் கைப்பேசியில் வைப்பு நிதிப் பாஸ் புத்தகத்தைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

5. குறைந்த கட்டணம் கேட்கும் கம்பெனியிடம் கணக்கைப் பிரித்துக் கேளுங்கள். மேலே காட்டிய கணக்கில் வரியும் பங்களிப்பும் யாராலும் குறைக்க முடியாதவை. தொகை மிகவும் குறைந்தால் யார் பங்கிலோ கை வைக்கிறார்கள் என்று பொருள்.

6. "கம்பெனி ஆள்தானே, நமக்கென்ன?" என்று இருக்க முடியாது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. அவற்றில் 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ஒப்பந்தக்காரர் சம்பளம் தராமல் விட்டால், வேலை நடந்த இடத்தின் உரிமையாளரே பொறுப்பு. நம் கடைக்கு எந்தப் பிரிவு எப்படிப் பொருந்தும் என்பதை ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

சொந்த ஆட்களுக்கும் இதுவே முறை

கம்பெனி ஆள் இல்லாமல் இரண்டு பையன்களோடு கடை நடத்துகிறவர்களும் இதைப் பின்பற்றலாம். ஒரு நீள நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஆதாரில் உள்ள பெயர், பிறந்த தேதி, சேர்ந்த நாள், வங்கிக் கணக்கு, அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர், வாரிசு ஆகியவற்றை எழுதுங்கள். கீழே சம்பளமும் முன்பணமும் தேதி வாரியாக வரட்டும். வைப்பு நிதியும் இ.எஸ்.ஐ.யும் பொருந்தாத சிறு கடையாக இருந்தால், 2021இல் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவை அருகிலுள்ள பொதுச் சேவை மையத்தில் செய்து கொடுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.

வணிகப் பெருமக்களே, பள்ளிப் படிப்போடு கல்லாவில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். பற்று வரவு பிசகக் கூடாது என்று பெரியவர்கள் தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்தார்கள். வாடிக்கையாளர் பாக்கியை எட்டணா விடாமல் எழுதக் கற்ற நமக்கு, நம் மூட்டையைச் சுமக்கிறவர் பேரை எழுத்துப் பிழையின்றி எழுதுவது கடினமான வேலை அல்ல. இந்த மாதப் பில் வரும்போது, பணம் கொடுப்பதற்கு முன் அந்த ஆள்வாரிப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். தொடக்கத்துக்கு அது போதும்.