பழைய காரில் ஒயில் கசிகிறதா?

இடம்பெயர்ந்து வந்து புதிய மண்ணில் கோவாவும் போஞ்சியும் பயிரிடும் குடும்பத்துக்கு, வாசலில் நிற்கும் பழைய கார்தான் லொறி. 2020இல் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025இல்தான் மீண்டும் தொடங்கியது. ஆகவே கையிலுள்ள வண்டியைக் காப்பாற்றுவதே நல்லது. 1956இல் வெளிவந்த மொறிஸ் மைனர் 1000ஐ உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

முதலில் இடத்தைக் கண்டுபிடிப்போம். ஒயில் சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. மேலே கசியும் ஒயில் வழிந்து கீழே வரும். ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். எஞ்சின் ஆறியபின் மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு கழுவித் துடைத்து, நன்றாக உலரவிட்டு, சிறிது தூரம் ஓட்டிப் பார்ப்போம். ஈரமான இடங்களில் மிக உயரத்தில் இருப்பதே கசிவின் தொடக்கம்.

பின்னர் செய்ய வேண்டியவை:

1. காற்றுப்போக்கிக் குழாய்: எஞ்சினின் பக்கத்தில் உள்ளது. இது அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடி, நல்ல காஸ்கட்டையும் மீறி ஒயில் வெளியே வரும். கழற்றி மண்ணெண்ணெயில் கழுவுவோம். செலவில்லாத இவ்வேலையை முதலில் செய்வோம்.

2. டெப்பட் கவர்: பழைய தக்கைக் காஸ்கட்டைச் சுரண்டி எடுத்துப் புதியது வைப்போம். இரு நட்டுகளையும் மாறி மாறி, அளவாக இறுக்குவோம். அதிகம் இறுக்கினால் தக்கை நசுங்கி மறுபடியும் கசியும்.

3. சம்ப் நட்: ஒயில் மாற்றும்போது செப்பு வோசரையும் மாற்றுவோம்.

காரின் அடியில் போகுமுன் சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்குக் கல் வைப்போம். ஜாக்கை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் படுக்கக் கூடாது.

எஞ்சினும் கியர்பெட்டியும் சேருமிடத்தில் இவ்வகை எஞ்சினுக்கு ரப்பர் சீல் இல்லை. அங்கே ஓரிரு சொட்டு விழுவது வழக்கம். ஒழுக்கு கூடினால் எஞ்சினை இறக்க வேண்டும். அது கராஜ் வேலை.

காலையில் புறப்படுமுன் டிப்ஸ்டிக்கைப் பார்ப்போம். வெல்லவாயாவிலிருந்து கொஸ்லந்த வழியாகப் பெரகலைக்கு ஏறும்போது ஒயில் போதாவிட்டால் பெயாரிங் தேய்ந்து எஞ்சின் பாழாகும். ஒயில் விளக்கு எரிந்தால் அவ்விடத்திலேயே நிறுத்த வேண்டும்.

கழிவு ஒயிலை ஓடையில் ஊற்றாமல் போத்தலில் அடைத்துக் கராஜில் கொடுப்போம். மேலே நாம் ஊற்றுவது கீழேயுள்ளவரின் கிணற்றுக்கும் பாத்திக்கும் போய்ச் சேரும்.