கற்றுக்குட்டியின் பாதை

உதகமண்டலத்தை அறியாதவர் நம்முள் இலர். பாலக்காட்டு மாவட்டத்து அட்டப்பாடிக்கு வடக்கே எழும் நீலமலையின் மேல் அமைந்த ஊர் அது. கோடையில் அங்குச் சென்று மலர்க் கண்காட்சி கண்டு திரும்புவோர் பலர். ஆனால் இன்று உலகமெங்கும் ஆடப்படும் ஓர் ஆட்டத்தின் சட்டங்கள் அவ்வூரில்தான் வகுக்கப்பெற்றன என்பதை அறிந்தவர் சிலரே. அவ்வாட்டம் ஸ்னூக்கர். அதைக் கற்கத் தொடங்கும் இளைஞன் ஒருவன் எவ்வாறு தொழில்முறை ஆட்டக்காரன் ஆகிறான், அதனால் பெறுவது என்ன, இழப்பது என்ன என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் பிறப்பும்

1875-ஆம் ஆண்டு. ஜபல்பூரில் தங்கியிருந்த ஆங்கிலப் படையைச் சேர்ந்த இளம் அதிகாரி நெவில் சேம்பர்லேன், பில்லியர்ட்ஸ் மேசையில் சிவப்புப் பந்துகளோடு வேறு நிறப் பந்துகளையும் சேர்த்துப் புதிய ஆட்டம் ஒன்றை அமைத்தார். எளிய பந்து ஒன்றைத் தவறவிட்ட நண்பரை, ‘ஸ்னூக்கர்’ என்று அவர் கேலி செய்தார். வுல்விச் இராணுவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர்களைக் குறிக்க வழங்கிய சொல் அது. கற்றுக்குட்டி என்பது பொருள். பிறகு, ‘இந்த ஆட்டத்தில் நாம் எல்லோருமே ஸ்னூக்கர்தான்’ என்ற கருத்தில் பேசி அவர் நண்பரைத் தேற்றினார். கேலிச்சொல்லே ஆட்டத்தின் பெயராயிற்று. இச்செய்தியைச் சேம்பர்லேனே 1938-இல் கடிதமாக எழுதி வெளியிட்டார். 1880-களின் தொடக்கத்தில் உதகை கிளப்பில் சட்டங்கள் ஒழுங்காக எழுதப்பெற்று, பில்லியர்ட்ஸ் அறையில் மாட்டப்பெற்றன.

ஆட்டத்தின் அமைப்பு

மேசை 12 அடி நீளமும் 6 அடி அகலமும் உடையது. அடியில் கற்பலகை; அதன்மேல் பச்சைக் கம்பளித் துணி. சிவப்புப் பந்துகள் 15. ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. மஞ்சள் 2, பச்சை 3, பழுப்பு 4, நீலம் 5, இளஞ்சிவப்பு 6, கறுப்பு 7. கோலால் வெண்பந்தை அடித்து, அதன் வழியே பிற பந்துகளைப் பைகளில் வீழ்த்தவேண்டும். சிவப்பு ஒன்று, நிறப்பந்து ஒன்று என மாறி மாறி வீழ்த்துதல் முறை. ஒவ்வொரு சிவப்புக்குப் பின்னும் கறுப்பை வீழ்த்தினால் 15 முறை எட்டாக 120. இறுதியில் ஆறு நிறங்களுக்கும் 27. ஆக 147. தவறாமல் தொடர்ந்து ஆடி 147 பெறுதலே இதன் சிகரம்.

பந்தை வீழ்த்துவதைவிட, அடுத்த அடிக்கு ஏற்ற இடத்தில் வெண்பந்தை நிறுத்துவதே அரிது. இதைப் பழக நாள்தோறும் பல மணி நேரம் மேசை வேண்டும். இங்கேதான் தடை தோன்றுகிறது. கேரம் பலகையை ஒருவர் தோளில் தூக்கிச் செல்லலாம். படிப்பகத்திலும் திண்ணையிலும் வைத்து ஆடலாம். சென்னையின் மரிய இருதயம் அவ்வாட்டத்தில் 1991, 1995 ஆண்டுகளில் உலக வாகையர் ஆனார். ஸ்னூக்கர் மேசையோ ஒரு டன்னுக்கு மேற்பட்ட எடையுடையது. நெடுங்காலம் அது துரைமார்களின் கிளப்புகளுக்குள்ளேயே இருந்தது. மலைத்தோட்டங்களில் கொழுந்து பறித்த தமிழருக்கு அவ்வறை திறக்கவில்லை. சட்டம் பிறந்த மலை நமக்கு அண்மையது. மேசை மட்டும் சேய்மையது.

இருவகை ஆட்டக்காரர்

அமெச்சூர் என்பவர் திறமை குறைந்தவர் என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழை. வேறுபாடு ஆட்டத்தில் இல்லை, பிழைப்பில் உள்ளது. தொழில்முறை ஆட்டக்காரர் உலகச் சுற்றில் இரண்டு ஆண்டுகளுக்கு இடம் பெறுகிறார். அங்கே வென்ற பரிசுப் பணத்தைக் கொண்டே தரவரிசை அமைகிறது. தரவரிசையில் பின்தங்கினால் இடம் போகும். பயணச் செலவும் தங்கும் செலவும் பெரும்பாலும் அவருடையனவே. போட்டிகள் மிகுதியாக நடைபெறும் இங்கிலாந்தில் குடியிருத்தலும் ஏறத்தாழக் கட்டாயமாகிறது. முதற்சுற்றிலேயே தோற்றவர் செலவைச் சுமந்து திரும்புகிறார்.

பங்கஜ் அத்வானி

1985-இல் பிறந்து, பெங்களூரில் வளர்ந்தவர் பங்கஜ் அத்வானி. அண்ணன் ஸ்ரீயின் பின்னே சென்று பத்து வயதளவில் கோலைப் பிடித்தார். அரவிந்த் சாவூர் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். 2003-இல் சீனத்தின் ஜியாங்மென் நகரில் உலக அமெச்சூர் ஸ்னூக்கர் பட்டம் வென்றார். அப்போது வயது 18. ஆயினும் அவர் தொழில்முறைச் சுற்றில் சேர்ந்தது 2012-இல்தான். 2013-இல் வேல்சு ஓப்பன் போட்டியில் கால்இறுதி வரை சென்றார். அதே ஆண்டு டெல்லியில் நடந்த இந்தியன் ஓப்பனில் மற்றோர் இந்தியரான ஆதித்ய மேத்தா இறுதி ஆட்டம் வரை முன்னேறி, சீனத்தின் டிங் ஜுன்ஹுயிடம் தோற்றார்.

2014-இல் அத்வானி தொழில்முறை இடத்தைத் தாமே துறந்தார். தாயகத்தில் இருக்கவும், பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் இரண்டையும் ஆடவும் விரும்பினார். சிலர் இதைத் தோல்வி என்பர். ஆனால் 2024 இறுதிக்குள் அவர் பெற்ற உலகப் பட்டங்கள் 28. அரசுத்துறை நிறுவனமான ஓ.என்.ஜி.சி.யில் அவருக்குப் பணி உண்டு. மாதச் சம்பளம் உள்ள அமெச்சூர், பரிசை மட்டும் நம்பிய தொழிலாட்டக்காரரைவிட உறுதியான நிலத்தில் நிற்கிறார் என்பதை இதனால் அறியலாம்.

மேலும் ஒரு சான்று. 2015-இல் எகிப்தின் ஹுர்காடாவில் அத்வானி உலக அமெச்சூர் இறுதி ஆட்டத்தில் 8–6 என்று வென்றார். தோற்றவர் ஜாவோ சின்டோங் என்னும் 18 வயதுச் சீன இளைஞர். அவர் அடுத்த ஆண்டு தொழில்முறைச் சுற்றில் சேர்ந்தார், பெரும்பட்டமும் வென்றார். பின்னர்ப் பந்தய விதிகளை மீறிய குற்றத்திற்காக 20 மாதத் தடை பெற்று, இடத்தை இழந்தார். தடை நீங்கியபின் அமெச்சூராகவே கீழ்நிலைப் போட்டிகளிலிருந்து மீண்டும் தொடங்கினார். 2025 மே மாதத்தில் ஷெஃபீல்டில் மார்க் வில்லியம்சை 18–12 என்று வென்று உலக வாகையர் ஆனார். அமெச்சூராக இருந்தே அப்பட்டம் வென்றவர் அவருக்குமுன் எவரும் இலர். பெயரில் உள்ள பிரிவு திறமைக்கு வேலி அன்று என்பதையும், திறமை நேர்மைக்கு ஈடு அன்று என்பதையும் அவர் வாழ்வு ஒருங்கே காட்டுகிறது.

முடிவுரை

இவ்வாட்டத்தில் ஆர்வம் கொண்ட மாணவர் சிலர், ‘படிப்பை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா?’ என்று கேட்பதுண்டு. அவர்கள் முதலில் மூன்று கேள்விகளைத் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும். நாள்தோறும் பழக மேசை உண்டா? பிழையைத் திருத்த ஆசிரியர் உண்டா? தோற்கும் ஆண்டுகளில் சோறு போடுவது எது? மூன்றாம் கேள்விக்கு விடை இல்லையாயின் படிப்பை விடுதல் அறிவுடைமை ஆகாது. கையில் பட்டம் இருப்பதால் கோல் கனத்துவிடாது.

ஆயினும் மனம் தளரவேண்டியதில்லை. 2025 நவம்பரில் தோகாவில் நடந்த உலக அமெச்சூர் மகளிர் ஸ்னூக்கர் போட்டியில், ஹாங்காங்கின் ஙான் யீயை 3–2 என்று வென்று பட்டம் பெற்றவர் தமிழ்நாட்டின் அனுபமா ராமச்சந்திரன். தனியாட்டத்தில் அப்பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் அவரே. பூட்டியிருந்த அறை திறந்துவிட்டது. இனி வேண்டுவது மேசை. நம் கல்லூரிகளும் ஊர் மன்றங்களும் கேரம் பலகைக்கு அருகே ஒரே ஒரு ஸ்னூக்கர் மேசையை இட முன்வந்தால், பாலக்காட்டு எல்லையிலும் இடுக்கித் தோட்டங்களிலும் வளரும் பிள்ளைகள் அதில் முதல் பந்தைத் தவறவிடுவார்கள். தவறவிடட்டும். எல்லாரும் அங்கிருந்தே தொடங்கினர் என்பதை அவ்வாட்டத்தின் பெயரே சொல்கிறது.