முழங்கால் வலியும் ஒரு ஃபோர் பார் லிங்கேஜும்

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்னே வண்ணார்பேட்டையில கிளம்பி, பாபநாசம் வரை சைக்கிள் மிதிச்சு, தாமிரபரணியில ஒரு குளியல் போட்டுட்டுத் திரும்புறது சுகம்தான். ஆனா திரும்பி வந்து மாடிப்படி இறங்கும்போது ஒரு முழங்கால் மட்டும் வலிக்குதா? தைலம் தேய்ச்சுட்டுத் தூங்கிடுவோம். அடுத்த வாரமும் அதே கால்தான் வலிக்குதுன்னா, இந்தக் கட்டுரை உங்களுக்கு.

பாபநாசம் சுமார் 50 கிலோமீட்டர். பெடல் ஒரு சுற்று சுற்றினால் சைக்கிள் 5 மீட்டர் நகரும்னு வைங்க. போறதுக்கு மட்டும் ஒவ்வொரு முழங்காலும் 10,000 தடவை மடங்கி நீளுது. ஒரு தடவையில தெரியாத சின்னத் தப்பு, பத்தாயிரம் தடவையில வலியாகிடும்.

கைனமேட்டிக்ஸ்ல படிச்ச ஃபோர் பார் லிங்கேஜ் ஞாபகம் இருக்கா? தொடை, கெண்டைக்கால், கிராங்க், இவற்றைத் தாங்கும் பிரேம்: இதுதான் அந்த நாலு பார். தொடை 42 செ.மீ., முழங்காலிலிருந்து பெடல் வரை 44 செ.மீ. என்று எடுத்துக்குவோம். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் 30 டிகிரி மடங்கி இருக்குற மாதிரி சீட்டை வைக்கிறீங்க. இன்னொரு கால் 1 செ.மீ. குட்டைன்னா, கொசைன் விதிப்படி அந்த முழங்கால் 24.5 டிகிரிதான் மடங்கும். குட்டைக் காலுக்கு 30 வர்ற மாதிரி சீட்டை இறக்கினா, நெட்டைக் கால் ஏறக்குறைய 35 டிகிரி மடங்கும். சைக்கிளுக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். நமக்கு அப்படி இல்ல. சில மில்லிமீட்டர் வித்தியாசம் பெரும்பாலானவங்களுக்கு உண்டு. அது நோய் இல்ல.

ஆனா அவசரப்பட்டு காலைக் குறை சொல்லாதீங்க. முதல்ல சீட்டைப் பாருங்க. பிளஸ் ஒன்னில் வாங்கின விலையில்லா சைக்கிளையே காலேஜுக்கும் ஓட்டுறவங்க நம்மிடையே உண்டு. அது ஆளாளுக்கு அளவெடுத்துத் தந்தது இல்ல. ரெண்டு காலும் தரையில ஊன்றணும்னு சீட்டை இறக்கி வைக்கிற பழக்கமும் சேர்ந்துக்குது. சீட் தாழ்ந்தா பொதுவா முழங்காலின் முன்பக்கம் வலிக்கும்; உயர்ந்தா பின்பக்கம். கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வச்சா கால் நேராக நிக்கணும். அதுதான் தொடக்க அளவு. ஸ்பேனர் இல்லன்னா சைக்கிள் கடை அண்ணாச்சிகிட்ட ஒரு நிமிஷ வேலை.

சீட் சரியாகியும் ஒரே முழங்கால் வலிக்குதா? இப்ப அளக்கலாம். வெறுங்காலோட சமதளத்துல நில்லுங்க. நண்பர் ஒருத்தர் உங்க இடுப்பெலும்பின் ரெண்டு மேல்விளிம்பிலும் கை வச்சுப் பார்க்கட்டும். தாழ்ந்த பக்கத்துப் பாதத்துக்கு அடியில ரெக்கார்டு நோட்டை ஒவ்வொண்ணா வைங்க. இடுப்பு சமமானதும் நோட்டுகளின் தடிமனை ஸ்கேலால அளங்க. அதுதான் தோராயமான வித்தியாசம்.

அடுத்து மல்லாந்து படுத்து, குதிகால்களைச் சேர்த்து, முழங்காலை மடக்குங்க. ஒரு முழங்கால் தாழ்ந்து தெரிஞ்சா குறை கெண்டைக்கால் எலும்புல. பக்கவாட்டில் பார்க்கும்போது ஒரு முழங்கால் பின்தங்கி இருந்தா தொடையெலும்புல. நிற்கும்போது வித்தியாசம், படுத்தா காணோமா? அப்ப எலும்பு சமமா இருந்து, இடுப்புத் தசை இறுக்கமோ ஒரு பாதம் தட்டையா இருப்பதோ அப்படிக் காட்டலாம். அதுக்கு வேண்டியது உடற்பயிற்சி. அங்க போய் அட்டை வச்சா, இல்லாத குறையை நாமே உண்டாக்குறோம்.

எலும்பு வித்தியாசம் 5 மி.மீ.க்குள்ளேன்னா பெரும்பாலும் விட்டுடலாம். அதுக்கு மேலன்னா நெட்டைக் காலுக்கு சீட்டை வச்சுட்டு, குட்டைக் கால் பக்கத்துப் பெடல் மேல கெட்டியான ரப்பர் துண்டைக் கட்டி உயர்த்துங்க. முழு வித்தியாசத்தையும் ஈடுகட்ட வேண்டாம், பாதியில தொடங்குங்க. ஏன்னா பெடல் மேலே வரும்போதும் அந்தத் துண்டு கூடவே வரும், முழங்கால் கூடுதலா மடங்கும். குதிகாலுக்கு மட்டும் வைக்கிற பேடு நடக்க உதவலாம், இங்க உதவாது. பெடலை அழுத்துறது முன்பாதம். ஒரு நேரத்துல ஒரே மாற்றம். ரெண்டு வாரம் ஓட்டிப் பார்த்துட்டு அடுத்தது.

இன்னொண்ணு, காத்து. ஆனி, ஆடியில செங்கோட்டைக் கணவாய் வழியா மேற்கேயிருந்து அடிக்கிற காத்து, பாபநாசம் போகும்போது முகத்துக்கு நேரே வரும். அப்ப பெரிய கியர்ல முக்கி முக்கி மிதிக்காதீங்க. கியரைக் குறைச்சு, வேகமா, லேசா மிதிங்க. கியர் இல்லாத சைக்கிள்னா வேகத்தைக் குறைங்க. கௌரவம் பார்த்தா முழங்கால்தான் கடன் கட்டும்.

மூட்டு வீங்கினாலோ, மடக்கும்போது பூட்டிக்கிட்டாலோ, ராத்திரியிலும் வலிச்சாலோ, வித்தியாசம் ஒரு செ.மீ.க்கு மேல போனாலோ, சின்ன வயசுல அந்தக் கால் எலும்பு முறிஞ்சிருந்தாலோ, சொந்த வைத்தியம் வேண்டாம். ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி எலும்பியல் பிரிவுக்குப் போங்க. சரியான அளவு எக்ஸ்ரேயில்தான் தெரியும்.

வலிக்குதுன்னு சைக்கிளை ஷெட்டில் நிறுத்திடாதீங்க. பழகினா சரியாகிடும்னு பல்லைக் கடிச்சும் மிதிக்காதீங்க. ஒரு ஸ்பேனரையும் நாலு ரெக்கார்டு நோட்டையும் எடுத்துக்கிட்டு இன்னைக்கே உட்காருங்க.