சிகிச்சையின் முதல் ஆறு வாரங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் நடுநிலைப் பள்ளியில் கணிதம் கற்பித்த ஆசிரியை ஒருவரின் மேசையில் மாணவர்களின் குறிப்பேடுகள் திருத்தப்படாமல் குவியத் தொடங்கின. இருபது ஆண்டுப் பணியில் அவர் அப்படி விட்டதே இல்லை. மதிய உணவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துச் சென்றார். தலைமையாசிரியரான நான் அவரிடம், "மனச தைரியமா வெச்சுக்குங்க டீச்சர்" என்றேன். ஓராண்டு கழித்து அவர் சொன்னார்: "தைரியம் இல்லாததுதான் என் தப்புன்னு அன்னைக்கு முடிவே பண்ணிட்டேன் சார்."

அவருடைய அனுமதியுடன்தான் இதை எழுதுகிறேன். நல்ல எண்ணத்தோடு சொன்ன சொல்லும் பாரமாகிவிடலாம் என்பதை நான் கற்றது அவரிடம்தான்.

மன அழுத்தமும் மனச்சோர்வும்

இரண்டையும் ஒன்றாகவே பேசிவருகிறோம். தேர்வுப் பணி, பதிவேடுகள், ஆய்வு வருகை ஆகியவற்றால் வரும் மன அழுத்தம், காரணம் நீங்கினால் பெரும்பாலும் குறைந்துவிடும். மனச்சோர்வு அப்படியல்ல, அது ஒரு நோய். பெரும்பாலான நாள்களில், நாளின் பெரும்பகுதியும் மனம் தாழ்ந்திருப்பது அல்லது எதிலும் நாட்டமில்லாமல் போவது இதன் முதன்மை அறிகுறி. தூக்கம், பசி ஆகியவற்றில் மாற்றம், ஓயாத களைப்பு, கவனக்குறைவு, காரணமற்ற குற்ற உணர்வு, சாவைப் பற்றிய எண்ணம் ஆகியவை உடன் வரலாம். இவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தைராய்டு குறைபாடும் இரத்தசோகையும் இதே போன்ற களைப்பைத் தரக்கூடும். அதனால் மருத்துவர் இரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்லலாம்.

பலன் தெரியும் முன்பே தொல்லை

மருத்துவமனைக்குப் போய்விட்டால் பாதிக் கிணறு தாண்டியதாக நினைக்கிறோம். உண்மையில், உடனிருப்பவரின் துணை மிகவும் தேவைப்படுவது அதற்குப் பிறகுதான்.

மனச்சோர்வுக்கான மாத்திரைகள் தலைவலி மாத்திரையைப் போல உடனே வேலை செய்வதில்லை. மாற்றம் தெரியத் தொடங்கவே பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். நல்ல பலன் தெரிய ஆறு வாரங்களோ அதற்கு மேலோ ஆகலாம். குமட்டல், தலைவலி, தூக்கக் கலக்கம் போன்ற பக்கவிளைவுகளோ முதல் வாரத்திலேயே வந்துவிடலாம். தொல்லை முதலில், பலன் பிறகு என்ற இந்த இடைவெளியில்தான் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள்.

எங்கள் ஆசிரியையும் மூன்றாம் வாரத்தில் நிறுத்த நினைத்தார். "மாத்திரைக்கு அடிமையாயிடுவே" என்று உறவினர் ஒருவர் சொன்னதும் ஒரு காரணம். இம்மருந்துகள் மதுவைப் போல அடிமைப்படுத்துவதில்லை. ஆனால் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், பதற்றம், தூக்கமின்மை வரக்கூடும். அதனால் மருத்துவர் சொல்லும் முறையில் சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும். நலமான பிறகும் பொதுவாக ஆறு மாதங்களாவது மருந்தைத் தொடர்வது நோய் திரும்பாமலிருக்க உதவும்.

அவரைத் தடுத்தது ஓர் அறிவுரையன்று. எங்கள் தமிழாசிரியை, "நிறுத்துறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்போம், நானும் வர்றேன்" என்று சொல்லி உடன் சென்றார். மருத்துவர் மாத்திரை போடும் நேரத்தை மாற்றினார். சிகிச்சை தொடர்ந்தது.

பள்ளியில் செய்யக்கூடியவை

மருத்துவம் நம் வேலையன்று. சிகிச்சை தொடர வழிவிடுவது நம் வேலை.

1. காலைநேரம் இவர்களில் பலருக்கு மிகக் கடினமானது. எங்கள் பள்ளியில் இரு மாதங்களுக்கு அவருடைய முதல் பாடவேளையை மாற்றியமைத்தோம்.

2. மருத்துவரைப் பார்க்கும் நாளன்று விடுப்பைக் கேள்வியின்றி அனுமதிக்கலாம்.

3. "ஏதாவது உதவி வேணுமா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்றே பதில் வரும். "ஏழாம் வகுப்பு நோட்டை இன்னைக்கு நான் திருத்துறேன்" என்பது உதவி.

4. எல்லா வேலையையும் பறித்துவிடவும் கூடாது. செய்ய முடிந்த சிறு செயல்களைத் திட்டமிட்டுச் செய்வதே ஒரு சிகிச்சை முறை. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் இம்முறையைச் சில அமர்வுகளில் அளித்தார்கள். அவர்கள் மனநல மருத்துவர்கள் அல்லர். ஆயினும் அது பலன் தந்ததாக 2017இல் லான்செட் மருத்துவ இதழில் ஆய்வு வெளிவந்தது. எங்கள் ஆசிரியை முதலில் திரும்ப ஏற்றுக்கொண்டது காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு மாணவர்களைத் தயார்செய்யும் பொறுப்பை.

5. ஆசிரியர் அறையில் இது பேச்சுப்பொருளாகக் கூடாது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, சிகிச்சை விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படும் உரிமையை நோயாளிக்கு அளிக்கிறது. மருத்துவமனை காக்கும் இரகசியத்தை நாம் தேநீர் இடைவேளையில் உடைத்துவிடக் கூடாது.

தாமதிக்கக் கூடாத நேரம்

"நான் இல்லாட்டிதான் எல்லாருக்கும் நல்லது" என்பது போன்ற பேச்சு, பொருள்களைப் பிறருக்குப் பிரித்துக் கொடுப்பது, திடீரென விடைபெறுவது போன்ற செயல்கள் ஆகியவற்றைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சிகிச்சையின் தொடக்க வாரங்களில், குறிப்பாக இளம் வயதினரிடம், கூடுதல் கவனம் தேவை. "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் உருவாகிவிடாது. பலருக்கு அது மூச்சுவிட இடம் தரும். "ஆம்" என்றால் அவரைத் தனியே விடாமல், குடும்பத்தினருடன் சேர்ந்து உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

ஒன்றிய அரசின் டெலி மானஸ் சேவை 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது. 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 சுகாதார உதவி எண்ணும் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும், மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாகவும் சிகிச்சை பெறலாம்.

இதைப் படிக்கும் நீங்களே அந்த ஆசிரியராக இருந்தால், உங்கள் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்க அவரையும் அழைத்துச் செல்லுங்கள். மூன்றாம் வாரத்தில் மாற்றம் தெரியவில்லை என்றால் சிகிச்சை தோற்றுவிட்டது என்று பொருளில்லை.

எங்கள் ஆசிரியை இன்றும் கணிதம் கற்பிக்கிறார். மேசையில் குறிப்பேடுகள் தேங்குவதில்லை. எப்போதாவது தேங்கினால், "தைரியமா இருங்க" என்று நான் சொல்வதில்லை. பாதியை எடுத்துக்கொள்கிறேன்.

கலந்துரையாட

* உங்கள் பள்ளியில் ஓர் ஆசிரியர் ஆறு வாரங்கள் குறைந்த பணிச்சுமையுடன் இருக்க வேண்டுமெனில், பாடவேளை அட்டவணையில் எதை மாற்றுவீர்கள்?
* சோர்ந்திருக்கும் ஒருவரிடம் நாம் வழக்கமாகச் சொல்லும் மூன்று வாக்கியங்களை எழுதுங்கள். அவை அவர் காதில் எப்படி ஒலிக்கும்?