கரணையும் தூக்குக்குண்டும்

'சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம்' என்பது பழமொழி. உடல்நலத்தைப் பேணுதற்கு உரைத்த மொழியாகவே அதனை யாவரும் கொள்வர். ஆயின், அச்சுவரை எழுப்பியவன் யாவன் என எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. அவனைத் தேடியலையும் காலம் இப்பொழுது வந்துள்ளது. மனை உண்டு, பொருள் உண்டு, செங்கல்லும் சிமிட்டியும் உண்டு, தேர்ந்த கொத்தனார் ஒருவர் கிடைத்தலே அரிதாகின்றது.

பொதியமலையில் தோன்றிப் புன்னைக்காயலில் கடலொடு கலக்கும் தாமிரபரணியின் கரைகள் கைத்தொழில் வல்லார்க்குத் தாயகமாக விளங்கியவை. ஆற்றின் குறுக்கே கோடைமேலழகியான் முதல் திருவைகுண்டம் ஈறாக எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. நெல்லையப்பர் கோயிலில், ஒரே கல்லிற் குடைந்த சிறு தூண்கள் தட்டுந்தொறும் வேறுவேறு ஒலி எழுப்புகின்றன. கிருட்டிணாபுரத்துச் சிலைகளில் நகமும் நரம்பும் புலப்படக் காண்கிறோம். நெல்லையையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் பாலம், சுலோசன முதலியாரின் கொடையால் 1843ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. பதினொரு வளைவுகளையுடைய அப்பாலத்திற்குக் கொடையாளர் பெயரே வழங்குகின்றது. கட்டுவித்த பொறியாளர் ஆர்சிலி என்பாரின் பெயரும் ஏட்டில் உள்ளது. ஆயின், வெயிலில் நின்று கல் அடுக்கினாருள் ஒருவர் பெயரேனும் நம் நினைவில் இல்லை. தொழிலாளியை மறக்கும் வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று என்பது இதனாற் புலனாகும்.

செங்கல் அடுக்குதல் எவர்க்கும் எளிது என்று கருதுவார் உளர். அது பொருந்தாது. கல்லை நீரில் நனைத்தே வைத்தல் வேண்டும். உலர்ந்த கல் கலவையின் நீரை உறிஞ்சிப் பிடிப்பைக் கெடுக்கும். கீழ்வரிசையின் இணைப்பும் மேல்வரிசையின் இணைப்பும் ஒரே நேர்கோட்டில் அமைதல் கூடாது. அமையின் சுவர் அவ்வழியே பிளக்கும். சுவரின் நிமிர்வைத் தூக்குக்குண்டாலும், கிடைமட்டத்தை ரசமட்டத்தாலும் அடிக்கடி ஆராய்தல் வேண்டும். நீர் கலந்த சிமிட்டி இறுகுதற்கு முன்னரே அதனைப் பயன்படுத்திவிடல் வேண்டும். பின்னர் ஏழு நாளேனும் சுவரை நனைத்து வருதல் வேண்டும். இவற்றுள் ஒன்று பிழைப்பினும் அன்று ஒருவர்க்கும் தெரியாது. பிழையைப் பூச்சு மறைக்கும், மழை காட்டிக்கொடுக்கும்.

இத்திறனை முற்காலத்தில் மகன் தந்தையிடமும், கையாள் கொத்தனாரிடமும் பல்லாண்டு உடனிருந்து கற்றனர். இன்று அம்முறை தளர்ந்தது ஏன்? காரணம் வெளிப்படை. மழை பெய்தால் வேலை இல்லை. வேலை இல்லையேல் கூலி இல்லை. சாரத்திலிருந்து தவறி விழின் குடும்பமே வீழும். ஊரார் மதிப்போ மிகக் குறைவு. இந்நிலையில், "என் துன்பம் என்னோடு ஒழிக, என் மகன் படித்து நிழலில் அமர்ந்து உழைக்கட்டும்" என்று ஒரு தந்தை விரும்பினால், அவரைக் குறைகூற யாருக்கு உரிமை உண்டு? பிறப்பினால் ஒருவனை ஒரு தொழிலிற் கட்டிவைத்தல் அறமன்று. தொழிலை விட்டு நீங்குவோரைப் பழித்தலினும், நீங்கத் தூண்டும் குறைகளைக் களைதலே நன்று. திறன்மிக்கார் பலர் மிகுகூலி நாடி வளைகுடா நாடுகளுக்குச் சென்றமையும் இங்கு எண்ணத்தக்கது.

அவர்தம் இடத்தைப் பீகார், ஒடிசா, மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களிலிருந்து வரும் உழைப்பாளர் பெரிதும் நிரப்பி வருகின்றனர். 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நாடடங்கு அறிவிக்கப்பட்டு, அவர்கள் தத்தம் ஊர் திரும்பியபோது, எழும்பிய சுவர்கள் பாதியில் நின்றன. 2023ஆம் ஆண்டு திசம்பர் 17, 18ஆம் நாள்களில் பெருமழை பெய்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரைபுரண்டு வீடுகளுட் புகுந்தது. அத்தகைய வேளையில் கைத்திறன் உடையார் அருகில் இல்லையெனில், ஏழையின் வீடு எழுவது எவ்வாறு? ஆள் பற்றாக்குறை செல்வரின் மாடியை மட்டும் தடுப்பதன்று. எளியோரின் கூரையையும் தடுப்பதாகும்.

மற்றொன்றும் சிந்தித்தற்குரியது. சித்தாளாக வரும் பெண்கள் இருபது முப்பது ஆண்டுகள் கல்லும் கலவையும் சுமக்கின்றனர். கலவையின் பதத்தை அவர்கள் கண்ணாலேயே அறிவர். எனினும், அவர்தம் கையிற் கரணையைக் கொடுத்துக் கற்பிப்போர் அரியர். கொத்தனார் கிடைக்கவில்லை என்று வருந்தும் நாம், சுவரருகிலேயே நிற்கும் திறனைக் காணாதிருத்தல் வியப்பன்றோ?

இக்குறை தீரும் வழிகள் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. பதிவு செய்த தொழிலாளர்க்கு விபத்து உதவியும், மக்கள் கல்விக்கு உதவியும், முதுமையில் ஓய்வூதியமும் அதன்வழிக் கிடைக்கின்றன. மாமல்லபுரத்தில் 1957ஆம் ஆண்டில் தோன்றிய சிற்பக் கல்வி நிலையம், வழிவழி வந்த கலையை வகுப்பறையிலும் கற்பிக்கலாம் என்பதைக் காட்டியது. அதன் தலைவராக விளங்கிய கணபதி தபதி வடிவமைத்த 133 அடித் திருவள்ளுவர் சிலை, 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் குமரிமுனையில் திறக்கப்பெற்றது. கற்சிற்பத்திற்கு அமைந்த இவ்வாய்ப்பு, சுவரெழுப்பும் தொழிற்கும், கம்பி கட்டும் தொழிற்கும், தச்சிற்கும் ஊர்தோறும் அமைதல் வேண்டும். கற்குங்காலத்திலும் கூலி உண்டெனின் இளைஞரும் பெண்டிரும் விரும்பி வருவர்.

மாணவர்களே! நீங்கள் எத்தொழிலை மேற்கொள்ளினும் மேற்கொள்க. ஆனால், ஏடு பிடிக்கும் கை உயர்ந்தது, கரணை பிடிக்கும் கை தாழ்ந்தது என்னும் எண்ணத்தை நெஞ்சிற் கொள்ளற்க. நும் பள்ளிச் சுவரை ஒருமுறை உற்றுநோக்குக. அது நேராக நிற்பதற்கு ஒருவருடைய அறிவும் பொறுமையும் நேர்மையும் காரணம். அவரை மதிக்கும் நாட்டில்தான் அவர் தொழிலைக் கற்க அடுத்த தலைமுறை முன்வரும்.