உயில்: சொல்லின் வரலாறும் ஊரார் நம்பிக்கைகளும்

தெற்கே புதுச்சேரி நகரும் வடக்கே காலாப்பட்டும் யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தவையாக இருக்க, இடையில் கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருமருங்கிலும் அமைந்து விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தைச் சேர்ந்ததாயிருக்கும் பொம்மையார்பாளையத்தில், கடலோர நிலத்தின் விலை ஏற ஏற, முன்பு வசதி படைத்தோர் வீட்டில் மட்டும் வழங்கிய ஒரு சொல் மீனவர் குடும்பங்களிலும் முந்திரிக்கொல்லை வைத்திருந்தோர் குடும்பங்களிலும் அன்றாடம் புழங்கத் தொடங்கியிருக்கிறது. 'உயில்' என்பதே அந்தச் சொல். அதைச் சூழ்ந்து வளர்ந்திருக்கும் தவறான நம்பிக்கைகள் பல குடும்பங்களைக் கோர்ட்டு வாசலில் நிறுத்துவதால், அவற்றுள் முக்கியமானவற்றை இங்கே ஆராய்வது அவசியமாகிறது.

உயிரோடு சம்பந்தப்பட்டது உயில் என்றும், ஆகவே அது பழந்தமிழ்ச் சொல் என்றும் எண்ணுவோர் உண்டு. அது 'வில்' என்ற ஆங்கிலச் சொல் நம் நாவில் பெற்ற உருவமேயாகும். பழைய ஆங்கிலத்தில் அதற்கு விருப்பம் என்பதே பொருள். அப்பொருளிலிருந்தே மன உறுதி, சங்கற்பம், இனிச் செய்யப்போவதைக் குறிக்கும் எதிர்காலத் துணைவினை, இறந்தபின் சொத்து சேரவேண்டிய விதத்தைக் கூறும் சாசனம் ஆகிய அர்த்தங்கள் கிளைத்தன. ஆங்கில வழக்கறிஞர் இதனோடு சேர்த்தே எழுதும் 'டெஸ்டமென்ட்' என்ற சொல்லோ, சாட்சி கூறுதல் என்ற பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து வந்தது. சாசனம், உடன்படிக்கை என்ற இரண்டுக்கும் பொதுவான ஒரு கிரேக்கச் சொல்லுக்கு ஈடாக அது நின்றமையால் விவிலியத்தின் இரு பகுதிகளுக்கும் பெயராகி, தமிழில் 'ஏற்பாடு' என்று வழங்குகிறது. விருப்பமும் சாட்சியும் என்ற இவ்விரு பொருள்களையும் மனத்தில் இருத்திக்கொண்டால், உயில் சட்டத்தில் விளங்காத பகுதி மிகக் குறைவு.

உயில் என்பது நம் தர்மசாஸ்திரங்களிலேயே கூறப்பட்டது என்று சிலர் வாதிப்பர். தானம், பாகப்பிரிவினை, தத்து ஆகியவற்றை விரிவாகப் பேசிய பழைய இந்துச் சட்டம் உயிலை அறியவில்லை. அது வெள்ளையர் காலத்தில் நடைமுறையில் நுழைந்து, நாகலட்சுமி அம்மாள் வழக்கில் 1856-ஆம் ஆண்டு பிரிவி கவுன்சில் அளித்த தீர்ப்பினால் சென்னை ராஜதானியில் அங்கீகாரம் பெற்றது. 1870-ஆம் ஆண்டின் இந்து உயில்கள் சட்டம் எழுத்தையும் சாட்சியையும் கட்டாயமாக்கியபோது, நம் ராஜதானியில் சென்னை நகரத்தை மட்டுமே கருதியது. அன்று தென்னார்க்காடு ஜில்லாவிலிருந்த இப்பகுதியில், இந்து ஒருவர் மரணப்படுக்கையில் வாய்மொழியாகச் சொன்னதும் நிரூபிக்கப்பட்டால் செல்லுபடியாகியது. இந்துக்கள் அனைவரின் உயில்களுக்கும் எழுத்தும் சாட்சியும் கட்டாயமானது 1927 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான். 'அப்பா சாகும்போது வாயால் சொன்னார், அதுவே போதும்' என்று இன்றும் கூறும் பிள்ளைகள், நூறாண்டுக்கு முன் இதே மண்ணில் மெய்யாயிருந்த ஒன்றையே கூறுகிறார்கள். ஆனால் இன்று அது செல்லாது.

முத்திரைத்தாளில் எழுதி ரிஜிஸ்தர் ஆபீசில் பதிந்தால்தான் உயில் உயிலாகும் என்பதே எல்லாவற்றிலும் பரவலான நம்பிக்கை. உயிலுக்கு முத்திரைத் தீர்வையே கிடையாது. வெள்ளைத் தாள் போதும். 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் உயிலைப் பதிவதையும் பதியாமல் விடுவதையும் எழுதியவரின் இஷ்டத்திற்கே விட்டிருக்கிறது. பதிந்த உயிலைப் பதியாத பின்னுயில் ஒன்று முறைப்படி ரத்து செய்துவிடவும் கூடும். பதிவினால் தாள் தொலையாது என்ற நன்மை உண்டு. அதனால் நானும் பதிவதையே ஆதரிக்கிறேன். ஆனால் பதிவு முத்திரை விழுந்ததனாலேயே உயில் மெய்யென்று கோர்ட்டு ஏற்பதில்லை. வில்லங்கச் சான்று போட்டால் உயில் தெரிந்துவிடும் என்று நினைப்பதும் பிசகு. உயில்கள் தனிப் புத்தகத்தில் பதியப்படுபவை, எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவரோ அவருடைய ஏஜெண்டோ அன்றி வேறொருவர் நகல் பெற முடியாது.

தன் கைப்படவே எழுதவேண்டும் என்றும் சிலர் உறுதியாகச் சொல்கிறார்கள். எல்லைக்கு அப்பால் புதுச்சேரியில் நெடுங்காலம் ஆட்சி செய்த பிரெஞ்சுச் சட்டத்தில் இதற்கு இடமுண்டு. ஒருவர் முழுவதையும் தம் கையாலேயே எழுதித் தேதியிட்டுக் கையெழுத்திட்டால், சாட்சியே இல்லாமல் அச்சாசனம் அங்கே செல்லும். நம் சட்டமோ நேர்மாறானது. யார் எழுதினாலும், தட்டச்சு செய்தாலும் குற்றமில்லை, ஆனால் இரு சாட்சிகள் இன்றியமையாதவர். பிள்ளைக்கு ஒரு பங்காவது வைக்காத உயில் நிற்காது என்ற நம்பிக்கைக்கும் இதே கதிதான். 1881-ஆம் ஆண்டின் ஆணைப்படி தம் சாதிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற 'ரெனோன்சான்' குடும்பங்களுக்கு அது மெய்; ஒரு பிள்ளை இருந்தால் பாதிச் சொத்தையும், மூவரோ அதற்கு மேலோ இருந்தால் கால் பங்கையும் மட்டுமே அவர்கள் விரும்பியபடி எழுத முடியும். பொம்மையார்பாளையத்து இந்துவோ தம் சுயார்ஜிதம் முழுவதையும் தாம் விரும்பியவருக்கு எழுதலாம். பிதிரார்ஜிதத்தை எழுதவே முடியாது என்பதும் முழு உண்மையன்று. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் கூட்டுச் சொத்தில் ஒருவர் தம் பங்கை உயில் எழுத இடம் தருகிறது, பிறர் பங்கைத் தொடுவதற்கு மட்டுமே தடை. முஸ்லிம்களுக்கு வேறு முறை. வாரிசுகளின் சம்மதமின்றி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவர்கள் எழுத இயலாது.

இனிச் சாட்சியைச் சற்று நெருங்கிப் பார்ப்போம், வழக்குகள் பெரும்பாலும் தோற்பது இவ்விடத்திலேதான். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர் ஒருவர் இடது கைப் பெருவிரலை மைப்பெட்டியில் ஒற்றித் தாளின் அடியில் பதிக்கிறார். கைநாட்டாயினும் கையெழுத்துக்கு அது குறைந்ததன்று. அவர் பதித்ததைக் கண்ணால் கண்ட, அல்லது 'இது நான் வைத்ததுதான்' என்று அவர் வாயால் சொல்லக் கேட்ட இருவர், அவர் பார்த்திருக்கத் தத்தம் கையெழுத்தை இடவேண்டும். இருவரும் ஒரே வேளையில் இருக்கவேண்டும் என்பதில்லை, உள்ளே எழுதியிருப்பது இன்னதென்று அவர்கள் அறியவேண்டும் என்பதுமில்லை. ஆனால் மறுநாள் பத்திர எழுத்தர் திண்ணையில், பெரியவர் இல்லாதபோது, 'இங்கே ஒரு கையெழுத்துப் போடு' என்று கேட்டு வாங்கியது சாட்சியம் ஆகாது. எழுதியவர் மறைந்தபின் சாட்சிகளில் ஒருவரேனும் உயிரோடும், வந்து சொல்லும் நிலையிலும் இருந்தால், அவரைக் கூண்டில் ஏற்றியே உயிலை நிரூபிக்க வேண்டும். பதிவு செய்த உயிலுக்கும் இதில் விலக்கு இல்லை. வெங்கடாசல அய்யங்கார் வழக்கில் 1958-ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு வகுத்த நெறிப்படி, பெரும்பயன் அடைபவரே முன்னின்று எழுதச் செய்தது, நடுங்கிய கையெழுத்து, காரணமின்றி மனைவி மக்களை ஒதுக்கியது போன்ற சந்தேகங்கள் இருப்பின், அவற்றை நீக்கும் பாரம் உயிலைக் கொண்டுவருபவருடையது.

கடலோர ஊராகையால் இன்னொன்றும் சொல்லவேண்டும். கடலில் இருக்கும் கப்பலோட்டி வாய்மொழியாக உயில் கூறலாம் என்று இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் ஒரு சலுகை இருப்பது மெய்யே. ஆயினும் அந்தப் பிரிவுகள் இந்துக்களின் உயில்களுக்கு விரித்துச் சேர்க்கப்படவில்லை. சலுகை உடையோருக்கும், சொன்னவர் அந்நிலையினின்று நீங்கி உயிரோடு ஒரு மாதம் இருந்தால் அது இல்லாமற் போகும். விடியற்காலையில் படகு தள்ளி மதியம் கரை சேரும் மீனவர் இதை நம்பியிருத்தல் ஆகாது.

பாங்கில் நாமினி எழுதிவிட்டதால் உயில் வேண்டாம் என்பாரும் உளர். நாமினி பணத்தைப் பெற்று உரியவரிடம் சேர்ப்பவரே தவிர, உரியவர் ஆகிவிடுவதில்லை. கம்பெனிப் பங்குகளைக் குறித்தும் சுப்ரீம் கோர்ட்டு 2023 டிசம்பரில் இதையே உறுதிசெய்தது. ஆயுள் இன்ஷூரன்சில் மட்டும், பெற்றோர், கணவன் அல்லது மனைவி, மக்கள் ஆகியோரை நாமினியாகக் குறித்திருந்தால் 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப்பின் பணம் அவர்களுக்கே சொந்தம். அதுபோல், 'உயில் எழுதிக் கொடுத்தாயிற்று, வீடு இனி அவனுடையது' என்று தந்தையும் மகனும் நினைப்பது செட்டில்மெண்டையும் உயிலையும் குழப்பிக்கொள்வதாகும். செட்டில்மெண்டு எழுதியபோதே உரிமை மாறும், உயில் எழுதியவர் கண் மூடும்வரை ஒன்றையும் மாற்றாது, அவர் நினைத்தால் நாளையே கிழித்தெறியலாம்.

இதைப் படிக்கும் பெரியவர்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. சாட்சியாக உங்களைவிட வயதில் இளையவர் இருவரை, உள்ளூரிலேயே இருக்கக்கூடியவராகவும் உயிலால் பயனடையாதவராகவும் பார்த்துத் தேர்ந்தெடுத்து, அவர்கள் பெயர் தந்தைபெயர் முகவரியோடு தெளிவாக எழுதி, அவர்கள் கண்முன் கையெழுத்திட்டு, அந்தத் தாள் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதை நம்பத்தக்க ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள்.