வெண்கலப் பதக்கக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு

என் தங்கப் பேத்திக்கு,

கேகாலைப் பக்கத்துக் கிராமங்களில், போரில் கை கால் போன பழைய சிப்பாய்களின் வீடுகளுக்குப் போய் மனு எழுதிக் கொடுக்கிறாயாமே, உன் அம்மா சொன்னாள். நம் வீட்டுக்கு இந்த வேலை புதிதில்லை. ஆனால் நான் அதைச் சரியாகச் செய்தவன் என்று நினைத்துக்கொள்ளாதே. தப்புச் செய்து படித்ததைத்தான் சொல்கிறேன்.

1. முதலில் கேள். பேனாவைப் பிறகு எடு. என் தாத்தா முதல் உலகப் போருக்கு மெசபடோமியா போன தொழிலாளர் படைக்காரர். பஸ்ரா வெயிலில் மண் வெட்டிவிட்டு ஊர் திரும்பியவர், கங்காணி பேச்சைக் கேட்டுக் கப்பலேறி இந்த ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். அந்தப் போருக்கான பதக்கத்தைத் துப்பாக்கி பிடித்தவனுக்கு வெள்ளியில் கொடுத்தார்கள். மண்வெட்டி பிடித்தவனுக்கு அதையே வெண்கலத்தில். எனக்குப் பத்து வயதிருக்கும். "உங்களுக்கு வெள்ளி கிடைக்கலையா தாத்தா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டேன். அவர் பதக்கத்தைத் துணியில் முடிந்து தகரப் பெட்டிக்குள் வைத்தார். அதன்பிறகு சாகும்வரை பஸ்ரா என்ற பேச்சையே என்னிடம் எடுக்கவில்லை.

2. சீருடை போடாதவனையும் கணக்கில் சேர். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. மலாயா ரப்பர் முழுவதும் ஜப்பான்காரன் கைக்குப் போயிற்று. நேச நாட்டு லாரிக்கும் விமானத்துக்கும் வேண்டிய இயற்கை ரப்பருக்கு இலங்கையைத்தான் பெரிதாக நம்பியிருந்தார்கள். மரம் செத்தாலும் சரி, பால் வந்தால் போதும் என்று கண்டபடி வெட்டச் சொன்ன காலம் அது. என் அப்பா விடியுமுன்னே வாளியோடு மலையேறுவார். போர் முடிந்து மூன்றே வருடம். 1948 குடியுரிமைச் சட்டம் வந்து அவரை இந்த நாட்டுக்காரர் இல்லை என்றது. அவருக்கு வெண்கலம்கூட இல்லை, புள்ள. அதனால் ஒரு சிப்பாய் வீட்டுக்குப் போனால் அடுப்படியையும் எட்டிப் பார். இரவெல்லாம் அவன் அலறலுக்கு எழுந்து உட்காரும் மனைவி அங்கேதான் இருப்பாள்.

3. தோட்டத்து வேலியோரத்துப் பூவரசைப் பார்த்திருப்பாய். சிங்களத்தில் அது சூரிய மரம். அந்தக் காலத்தில் நவம்பர் 11 வந்தால் பழைய சிப்பாய்களுக்கென்று பாப்பிப் பூ விற்பார்கள். அந்தப் பணத்தில் பெரும்பங்கு பிரிட்டிஷ் படைவீரர்களுக்கே போயிற்று. இங்கிருந்து போய்ப் போரிட்டவனுக்குச் சில்லறைதான். 1931இல் ஏலியன் பெரேரா என்பவர் முன்னின்று, நம் நாட்டு வீரர்களுக்காகப் பூவரசம்பூ விற்கத் தொடங்கினார். அதுதான் சூரிய மல். இரண்டு வருடம் கழித்து இளைஞர்கள் அதைக் கையில் எடுத்து, வெள்ளைக்காரனுக்கு எதிரான இயக்கமாகவே ஆக்கிவிட்டார்கள். 1934 கடைசியில் மலேரியா வந்தது. கேகாலை மாவட்டம்தான் மிக மோசமாக அடிபட்ட இடங்களில் ஒன்று. பூ விற்ற அந்தப் பிள்ளைகளே மருந்தும் சோறுமாக இந்த மலைகளில் ஏறினார்கள். என். எம். பெரேரா வந்தார், டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க வந்தார். காய்ச்சல் விட்டாலும் உடம்பில் சத்து இல்லாமல் சனம் விழுகிறதென்று மார்மைட்டை உருண்டை பிடித்துக் கொடுத்தார்களாம், நாட்டு வைத்தியர் குளிகை மாதிரி! பழைய சிப்பாய்க்கென்று பூத்த பூ, காய்ச்சலில் கிடந்த குழந்தைக்கும் உதவியது. உன் பையில் சிப்பாயின் மனுவோடு பக்கத்து வீட்டுக் கிழவியின் மனுவுக்கும் ஒரு தாள் வைத்துக்கொள்.

4. சொன்ன நாளில் போ. போர்வீரர்களுக்கென்று ரணவிரு சேவா அதிகாரசபை 1999 முதல் இருக்கிறது, பிரதேச செயலகம் இருக்கிறது, கிராம சேவகர் இருக்கிறார். ஆனால் ஒற்றைக் காலோடு மூன்று பஸ் மாறி அங்கே போய்ச் சேர்வது யார்? எல்லாக் கடிதத்துக்கும் நகல் எடுத்து வை. படம் பிடிக்காதே.

5. எந்தப் பக்கத்துச் சிப்பாய் என்று பார்க்காதே. அம்பேபுஸ்ஸையில் சிங்கப் படைப்பிரிவின் தலைமையகம் இருக்கிறது. ஆயுதம் தூக்கிய தமிழ்ப் பிள்ளைகளுக்கான புனர்வாழ்வு முகாமும் அந்த அம்பேபுஸ்ஸையில்தான் இருந்தது. இதைச் சொல்லிவிட்டேன், ஆனால் நானே பக்கம் பார்த்தவன்தான். நம் லயத்துக்குக் கீழே இருக்கும் கிராமத்தில் ஒரு பையன் வடக்கில் கண்ணிவெடியில் காலை இழந்து வந்தான். சின்ன வயதில் நம் வீட்டில் ரொட்டி தின்று வளர்ந்த பிள்ளை. தமிழன் நான் போய் என்ன சொல்வது என்று ஒரு வருடம் அந்தப் பாதையையே விட்டுச் சுற்றிப் போனேன். கடைசியில் அவன் அம்மாவே மேலே ஏறி வந்து, "ஏன் அண்ணே வரவில்லை?" என்று சிங்களத்தில் கேட்டாள்.

போனேன். தேத்தண்ணி கொடுத்தார்கள். பையன் ஒரு கொப்பியை எடுத்து நீட்டினான். யாழ்ப்பாணத்தில் இடிந்துபோன ஒரு சுவரில் கண்டதாம். எழுத்துத் தெரியாமல் படம் வரைவதுபோல் பார்த்து வரைந்திருந்தான். தங்களைச் சபித்து எழுதியது என்று நினைத்து இத்தனை நாளும் வைத்திருந்தானாம். கண்ணாடியைப் போட்டு வாசித்தேன். "இன்று ரொக்கம், நாளை கடன்."

பொருள் சொன்னதும் சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கடைக்காரர் இப்போது எங்கே இருப்பார் என்று கேட்டான்.